தண்ணி காட்டிய மேஸ்திரி

போன மாதம் கவிதா போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கான்கிரீட் பரிசோதனைக் கூடத்துக்கு இப்போது அவர்தான் தலைமை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் நான் பேச வேண்டுமாம்.

"சீக்கிரம் இறுகுற சிமெண்ட் பத்திப் பேசுங்க சார். இப்போ பாலம், ரோடு, எங்க பார்த்தாலும் அதுதான். இந்தப் பக்கத்துல அதை முதல்ல கையில எடுத்தவங்கள்ல நீங்க ஒருத்தர். கடைசிச் சட்டி பழக்கமே உங்களால வந்ததுதானே?"

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு கார் நிறுத்துவதற்காகத் தினமும் கத்திச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பேச மனம் வராத காரணத்தை எழுதித் தந்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கவிதாவுக்குச் சரியென்று பட்டால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். படித்த பிறகு என்னைக் கூப்பிடத் தோன்றாது.

டிப்ளமா முடித்து அந்தக் கூடத்தில் சேர்ந்தேன். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் பின்பாதி அது. முதல் இரண்டு வருடம் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கையை ஒரே மாதிரி அசைக்கக் கற்றேன். கான்கிரீட் போடும் இடத்துக்குப் போக வேண்டும். கலவையில் கொஞ்சம் அள்ளி இரும்பு அச்சில் நிரப்ப வேண்டும். மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு முப்பத்தைந்து முறை கம்பியால் குத்த வேண்டும். மேலே கரண்டியால் வழித்துவிட்டு, தேதியும் இடமும் எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். அப்படிக் கிடைக்கும் சதுரக் கட்டிக்குக் கியூப் என்று பெயர். அதை உரிய நாள் வரை தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் ஜாதகம். கட்டடத்தை யாரும் நசுக்கிப் பார்க்க முடியாது. அதனால் எங்கள் கியூபை நம்பித்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கியூபை முதல் சட்டியில் எடுப்பதுதான் அப்போதைய வழக்கம். விதிப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடங்கள் சொல்லின. லேபிலிருந்து ஆள் வந்து நிற்கிறான் என்றால் மேஸ்திரி முதல் கலவையைச் சாமிக்குப் படைக்கிற மாதிரி அளந்து, பார்த்துப் பார்த்துக் கலப்பார். நாங்களும் அதை எடுத்துக்கொண்டு வெயில் ஏறும் முன் கிளம்பிவிடலாம். சாதாரண சிமெண்டில் முதல் சட்டிக்கும் கடைசிச் சட்டிக்கும் பெரிய வித்தியாசம் வராது. அதனால் இந்தச் சோம்பேறித்தனம் பல வருடம் மாட்டிக்கொள்ளாமலே ஓடியது.

எங்கள் தலைமை தயாநிதி சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆகியும் வடசென்னைப் பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர. அவருக்குப் பிடிக்காத சொல் 'கொஞ்சம்'. "தண்ணீர் கொஞ்சம் அதிகம் சார்" என்றால், பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை மில்லி?" என்பார். பதில் வரும் வரை பேனாவைத் திறக்க மாட்டார். ஒரே கேள்வியை, ஒரே குரலில், மூன்று முறை கேட்பார். மூன்றாவது முறைக்குள் பொய் சொல்கிறவன் உளறிவிடுவான் என்பது அவர் கணக்கு. நான் உளறவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருடங்கள் ஆன சமயம். சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் அருகே ஒரு கம்பிக் கிடங்கு. இரண்டு வரிசையாகத் தூண்கள், தூணிலிருந்து கை நீட்டின மாதிரி கான்கிரீட் பிராக்கெட்டுகள், அவற்றின் மேல் தண்டவாளம், தண்டவாளத்தில் ஓடும் கிரேன். கடல் காற்றில் ஆறு பிராக்கெட்டுகள் வெடித்து உள்ளே இருந்த கம்பி துருவாகத் தெரிந்தது. உடைத்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் வாரக்கணக்கில் கிரேனை நிறுத்த வேண்டும். கிடங்குக்காரர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தார். திங்கள் காலை கிரேன் ஓட வேண்டும்.

அதற்காகத்தான் அந்த சிமெண்ட் வந்தது. சுண்ணாம்பைவிட அலுமினாவும் ஜிப்சமும் பேசுகிற வகை. பார்க்க லேசாக மஞ்சள் ஓடிய சாம்பல் நிறம். சாதாரண சிமெண்ட் ஒரு வாரத்தில் தொடும் பலத்தை இது மூன்று மணி நேரத்தில் தொடும். ஆனால் கலந்து பதினைந்து நிமிடத்துக்குள் இடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் சேர்த்துக் கிளறவே கூடாது. உள்ளே கட்டிக்கொள்ளத் தொடங்கியதைக் கலைத்தால் அது மறுபடி சேராது. வெளியே கல் மாதிரி தெரியும், உள்ளே தவிடாக இருக்கும். மூட்டையோடு வந்த ஆங்கிலத் தாளில் இதெல்லாம் இருந்தது. அன்று காலை எல்லோரையும் நிற்க வைத்து அதைத் தமிழில் படித்துச் சொன்னவன் நான்தான்.

மேஸ்திரி ஏழுமலை, எர்ணாவூர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். துறைமுகச் சுற்றுச்சுவர்களிலிருந்து ஆலைப் புகைபோக்கி அடிப்பீடங்கள் வரை அவர் கை படாத கான்கிரீட் அந்தப் பக்கத்தில் குறைவு. அவர் மனைவி சரசு அதே கூட்டத்தில் சித்தாள். கணவர் சாரத்தின் மேலே நிற்பார், மனைவி கீழே கலந்து சட்டியில் அள்ளிக் கயிற்றில் மாட்டுவார்.

"இன்னா சார் இது," என்றார் ஏழுமலை, முதல் சட்டியில் விரலை விட்டுப் பார்த்து. "கலக்கசொல்லவே கல்லாவுது. இதுக்குப் பேரு ஜல்தி சிமெண்டுதான் வெக்கணும்."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முதல் சட்டியில் நான் கியூப் எடுத்தேன். அரை மணியில் அச்சைத் தொட்டால் கை சுட்டது. அச்சைக் கழற்றும் பதம் வரும் வரை அங்கேயே காத்திருந்து, ஒவ்வொரு கியூபையும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். முதல் இரண்டு பிராக்கெட்டும் அருமையாக வந்தன. மூன்றாவதற்குப் போகும்போது உச்சி வெயில். கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது. சட்டி பாதி வழியில் தொங்கியது. சிக்கெடுத்து மேலே போய்ச் சேர்வதற்குள் கலவை விறைத்துவிட்டது. கீழே கலந்து வைத்திருந்ததும் விறைக்கத் தொடங்கியது.

மேலேயிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். "சார்! சட்டி இறுகிக்கினு போவுது. லேசா தண்ணி காட்டிக்கட்டா?"

இந்தச் சொல்லை விளக்கியாக வேண்டும். ஊர் வழக்கில் ஒருவனுக்குத் தண்ணி காட்டுவது என்றால் ஏமாற்றி நழுவுவது. எங்கள் பக்கத்து மேஸ்திரிகளிடம் அதற்கு வேறு பொருள். விறைத்த கலவை மேல் கையை நனைத்து நாலு உதறு உதறி, கரண்டியால் புரட்டிவிடுவதைத் தண்ணி காட்டுவது என்பார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரிதான். குவளையால் சாய்த்தால்தான் அது தண்ணி ஊத்துவது. ஊத்துவது தப்பு என்று எந்த மேஸ்திரிக்கும் தெரியும். காட்டுவதைத் தப்பாக யாரும் நினைத்ததில்லை. சாதாரண சிமெண்டில் அதனால் குடிமுழுகிப் போகாது.

எனக்குப் பக்கத்தில் நின்ற சரசு என்னைப் பார்த்தார். "வேணாம் சார். காலைல நீங்கதான காட்டவே கூடாதுன்னு படிச்சீங்க?"

எனக்குத் தெரியும். விறைத்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கொட்டினால் மூட்டை போதாது, ஒரு பிராக்கெட் நின்றுபோகும், திங்கட்கிழமை கிரேன் ஓடாது, ஏன் என்று என்னைக் கேட்பார்கள். கியூபை மூன்று மணி நேரத்தில் உடைக்க வேண்டும், அதற்குள் ராயபுரம் போய்ச் சேர வேண்டும். இவையெல்லாம் பின்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்டவை. அந்த நிமிடத்தில் இவ்வளவு யோசித்தேனா என்றுகூட நிச்சயமில்லை. ஒரு சித்தாள் நாலு பேர் முன்னால் என் பாடத்தை எனக்கே ஒப்பித்தது பிடிக்கவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கையை உயர்த்தி, சரசுவுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். "காட்டிக்க, மேஸ்திரி. காட்டிக்க. ரொம்ப வேணாம்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் தண்ணி காட்டினார். அரை மணி நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஆட்டோ ஏறினேன்.

லேபில் கியூப்கள் பிரமாதமாக உடைந்தன. இயந்திரத்தின் முள் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து தயாநிதி சாரே ஒரு முறை தலையசைத்தார். ஆறு பிராக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே ரிப்போர்ட் அடித்தோம். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மாதம் கழித்து, மழைக்காலம் முடியும் நேரத்தில், நாலாவது பிராக்கெட் உடைந்தது. தண்டவாளம் ஒரு பக்கம் இறங்கி, கிரேன் சாய்ந்து, தொங்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டு கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தில் விழுந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் போகாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதும் தைரியமுள்ளவனா என்று தெரியவில்லை.

தயாநிதி சாரும் நானும் போனோம். அவர் சாரத்தில் ஏறி, சிறிய சுத்தியலால் ஒவ்வொரு பிராக்கெட்டாகத் தட்டினார். முதல் இரண்டும் கணீர் என்றன. மூன்றாவதிலிருந்து சத்தம் பொத்தென்று விழுந்தது. உடைந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது. துளையிட்டு எடுத்த உருளை முழுசாக வரவில்லை, மூன்று துண்டாக வந்தது.

"இறுகின பிறகு தண்ணீர் சேர்த்திருக்கான்," என்றார். இறங்கி வரும்போது மெதுவாகச் சொன்னார்: "நம்ம பேர்லயும் தப்பு இருக்கு, குணசேகரன். முதல் சட்டியில எடுத்த கியூபை வச்சு ஆறுக்கும் கையெழுத்துப் போட்டேன். அதை ரிப்போர்ட்ல எழுதணும்."

எழுதவும் செய்தார். தன் தவறைத் தன் கையாலேயே, மில்லி பிசகாமல். அந்த மனிதர் அப்படிச் சொல்லி என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். அதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தக் குற்றவாளிக்கும் கிடைக்காது.

மறுநாள் கிடங்கு ஆபீசில் விசாரணை. மேஜைக்கு இந்தப் பக்கம் கிடங்குக்காரர், கான்ட்ராக்டர், தயாநிதி சார், நோட்டுப் புத்தகத்தோடு நான். ஏழுமலை செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. சரசுவை யாரும் கூப்பிடவில்லை. சித்தாளைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

"கலவையில் தண்ணீர் ஊற்றினீங்களா?" என்றார் தயாநிதி சார்.

"ஊத்தல சார்."

"கலவை இறுகின பிறகு, தண்ணீர் ஊற்றினீங்களா?"

"சத்தியமா ஊத்தல சார்."

மூன்றாவது முறையும் அதே கேள்வி. ஏழுமலை சற்று யோசித்தார். எங்கள் இருவரில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர்தான்.

"தண்ணி காட்டினோம் சார். அவ்ளோதான்."

கான்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கிடங்குக்காரரும் சிரித்தார். தயாநிதி சார் முகம் சிவந்து எழுந்தார். அன்றுதான் அவர் குரல் உயர்ந்தது.

"யார்கிட்ட பேசுற? எனக்கே தண்ணி காட்டுறியா நீ?"

நானும் சிரித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. வேறு எந்த இடத்தில் யார் கேட்டிருந்தாலும் அந்தச் சொல்லின் பொருளை நான் விளக்கியிருப்பேன். கான்ட்ராக்டர் கணக்குப் பார்க்கிறவர், சாரத்துப் பக்கம் வந்ததில்லை; அந்த அறையில் அதன் பொருள் தெரிந்தவன் ஏழுமலையைத் தவிர நான் ஒருவன்தான். 'சார், அது மேஸ்திரிகள் பேச்சு, கிண்டல் இல்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, 'உனக்கு எப்படித் தெரியும், நீ பார்த்தியா?' என்று வரும். அதற்குப் பயந்து சிரித்தேன்.

ஏழுமலைக்கு என்ன சொல்லிவிட்டோம் என்றே புரியவில்லை. "இன்னா சார், நெசத்தைத்தான சொல்றேன்... இவரைக் கேளுங்க சார், இவருக்குத் தெரியும்," என்று என்னைக் காட்டினார்.

தயாநிதி சார் திரும்பினார். "அப்போ நீ அங்க இருந்தியா, குணசேகரன்?"

"முதல் சட்டியில கியூப் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன் சார்."

ஒரே ஒரு முறைதான் கேட்டார். என்னை மூன்று முறை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை. பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ நான் மறந்துவிட்டேன் என்பது போலவும், கொஞ்சம் பொறுத்தால் ஞாபகம் வந்துவிடும் என்பது போலவும் பார்த்தார்.

அன்றோடு கான்ட்ராக்டர் அவரை நிறுத்திவிட்டார். அந்த ஆபீசில் எழுந்த சிரிப்பு வெளியே போய்விட்டது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்த வேலை இடத்திலும் 'தண்ணி காட்டின மேஸ்திரி' என்றால் தெரியும். பெரிய அதிகாரிக்கே தண்ணி காட்டப் பார்த்தவன் என்று ஒரு கதை, கலவையில் கள்ளத்தனம் செய்தவன் என்று இன்னொரு கதை. கான்கிரீட் வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

லேபில் புது விதி வந்தது. சீக்கிரம் இறுகும் சிமெண்ட் என்றால் கியூபைக் கடைசிச் சட்டியில் எடுக்க வேண்டும். தயாநிதி சார் சொல்ல, எழுதியவன் நான். கீழே என் பெயரும் இருந்தது. நான் அதை வெறித்தனமாகக் கடைப்பிடித்தேன். கடைசிச் சட்டி வரும் வரை வெயிலில் நின்றேன், மழையில் நின்றேன். கறாரானவன் என்று பெயர் வாங்கினேன். தயாநிதி சார் ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு மாலை போட்டதும் நான்தான். "ஒரு விஷயம் சார்" என்று ஆரம்பித்தேன். "என்னய்யா?" என்றார். "உடம்பைப் பார்த்துக்குங்க" என்றேன்.

சில வருடம் கழித்து எர்ணாவூர்க் குடியிருப்பில் ஒரு வேலைக்குப் போயிருந்தேன். மதிய நேரம். சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "சார்!" என்றார். ஏழுமலை. தலைமுடியில் பாதி சுண்ணாம்பு, பாதி நரை. ஓடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வூடு இங்கதான் கீது சார். ஒரு வாய் டீ குட்ச்சிட்டுப் போங்க. வெயில்ல காஞ்சி கீறீங்க."

ஒற்றை அறை வீடு. சரசு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். ஏழுமலை என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்தார்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. தப்பா நென்ச்சிக்காதீங்க. அந்த ஜல்தி சிமெண்டுல காலைல தண்ணி காட்டாதேன்னீங்க. அப்பால மத்தியானம் காட்டிக்கன்னீங்க. நீங்க படிச்சவரு, சும்மா சொல்ல மாட்டீங்க. அதுல இன்னா வெவரம் சார்? நான் எங்க தப்பு பண்ணேன்? ரொம்ப காட்டிட்டனா?"

அவர் மனதில் நான் பொய் சொன்னவன் இல்லை. ஆபீசில் நான் சொன்னதைக்கூட, அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காகத் தன் கையில்தான் தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

'ஒரு விவரமும் இல்லை, மேஸ்திரி. உங்கள் மேல் தப்பு இல்லை. தெரிந்தே சொன்னவன் நான்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெயில் அதிகமாக இருந்தால் கலவையின் மேல்பரப்பு காய்ந்துவிடும், அதனால் ஓரளவு ஈரம் காட்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு, அன்று கப்பி சிக்கியதில் நேரம் கூடிப்போய் அந்தக் கணக்கு தவறிவிட்டது, அது யார் தப்பும் இல்லை என்றேன். ஆங்கிலச் சொற்கள் இரண்டைக்கூட நடுவில் போட்டேன். அதில் ஒரு எழுத்தும் உண்மை இல்லை.

ஏழுமலையின் முகம் தெளிந்தது. "அதான பார்த்தேன்! கப்பிதான் பேஜாரு பண்ணுச்சு. சரசு, கேட்டியா? நான்தான் சொன்னேனே, சார் காரணம் இல்லாம சொல்ல மாட்டாருன்னு." சந்தோஷத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வெறும் டீயா குடுக்கறது? இருங்க சார், பிஸ்கெட்டு வாங்கியாறேன்."

அவர் வெளியே போனதும் சரசு டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"நான் வேணாம்னு சொன்னேன். ஞாபகம் கீதா சார்?"

"இருக்கு," என்றேன்.

"இத்தினி வருசமா தூங்கசொல்ல கூட 'நான் இன்னா தப்பு பண்ணேன், நான் இன்னா தப்பு பண்ணேன்'னுதான் பொலம்பிக்கினு கெடந்தாரு. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. இன்னிக்கி நீங்க சொன்னதை நம்பிட்டாரு. நம்பட்டும். அவரு திரும்பி வர்றதுக்குள்ள கெளம்புங்க சார். இன்னொரு வாட்டி கேட்டா உங்க வாயில கதை மாறி வந்துடும்."

டீயைத் தொடாமல் எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது தெருமுனைக் கடையில் ஏழுமலை எனக்கு முதுகைக் காட்டி நின்று, எந்த பிஸ்கெட் நன்றாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கச் சந்தில் இறங்கி நடந்தேன்.